மலைப்பெயரும் இடமறிதலும்: ஸ்பிரிங்வெளியை முன்வைத்துச் சில குறிப்புகள்

பழைய நூல்கள் கூறும் மலைகள் இன்றைய நிலப்படத்தில் எவையென அறிதல் வரலாற்றாய்வின் அடிப்படைப் பணிகளுள் ஒன்றாகும். இப்பணியிற் பெயரொலியின் ஒற்றுமையை மட்டுமே சான்றாகக் கொள்வது எத்துணை இடர்மிக்கது என்பதை ஊவாவின் இடப்பெயர்களே நமக்கு உணர்த்துகின்றன.

பதுளைக்கு அண்மையில், 2,036 மீற்றர் உயரமுடைய நமுனுகுலை மலையின் சரிவில் அமைந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டம். இப்பெயரின் ஈற்றிலுள்ள ‘வெளி’யைத் தமிழ்ச் சொல்லெனக் கொள்ளும் ஒருவர் அங்கே சமநிலத்தைத் தேடக்கூடும். உண்மையில் அது பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபேயாகும். இவ்வாறே பண்டாரவளையின் ‘வளை’ வயலைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்தும், பூனாகலையின் ‘கலை’ கல்லைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்தும் வந்தவை. தமிழர் நாவில் அவை தமிழுருப் பெற்றுவிட்டன.

அவ்வாறாயின் மலையொன்றின் இடத்தை உறுதிசெய்வது எங்ஙனம்? மதுரை இதற்குத் தக்க சான்று தருகின்றது. அந்நகரைச் சூழ்ந்திருந்த சமணர் குன்றுகள் எட்டினை ‘எண்பெருங்குன்றம்’ எனத் தமிழ் மரபு போற்றும். அவற்றுட் பரங்குன்றைத் திருப்பரங்குன்றமாகவும், யானைமலையை இன்றைய ஆனைமலையாகவும், இருங்குன்றத்தை அழகர்மலையாகவும் ஆய்வாளர் கொள்வர். பெயர் வழக்கு மட்டும் இம்முடிவுக்குக் காரணமன்று. இம்மூன்று மலைகளிலும் கற்படுக்கைகள் கொண்ட குகைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. அழகர்மலைக் கல்வெட்டுகளில் ‘மதிரை’ என மதுரையின் பெயரே இடம்பெறுகின்றது. மலைக்கும் நகருக்கும் இருந்த தொடர்பு இதனால் தெளிவாகின்றது. எனினும் பப்பாரம் போன்ற சில குன்றுகள் எவையென்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. மதுரையைச் சுற்றிக் கற்படுக்கைக் குகைகள் எட்டு இடங்களுக்கும் மேலாக உள்ளன. பெயரோ ஏட்டில் மட்டும் எஞ்சியது. பெயரை வழங்கிய மக்களின் நினைவு அறுந்தபின் இரண்டையும் இணைப்பது அரிதாகிவிட்டது.

இந்நிலை நம் கண்முன்னேயே ஊவாவிலும் நேரக்கூடும். தோட்டத் தொழிலாளர் வழக்கில் ‘மலை’ என்பது சிகரத்தை மட்டும் குறிப்பதன்று. கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு தேயிலை நிலப்பகுதியும் அவர்களுக்கு ஒரு மலையே. தோட்ட ஏடுகளில் அவை பெரும்பாலும் எண்களாகவே நிற்க, உழைப்போர் நாவிற் கோயிலாலும் மரத்தாலும் ஓடையாலும் பெயர் பெறுகின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கப்பலேறியவர்களோடு எத்தனையோ பெயர்களும் கடல் கடந்தன.

ஆதலின், இப்பெயர்களைத் திரட்டுவோர் சொல்லை மட்டும் குறித்துக்கொள்ளுதல் போதாது. அது வழங்கும் இடம், எல்லை, சொன்னோர் தந்த விளக்கம், ஏட்டு எண் ஆகிய யாவற்றையும் சேர்த்தே பதிதல் வேண்டும். காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கியோர் இட்ட பெயர்கள், மன்னர் இட்ட பெயர்களுக்கு எவ்வகையிலும் குறைந்த வரலாற்றுச் சான்றுகள் அல்ல.