பணம் வரலாம், வாக்கு வரக்கூடாது!

1890-களில் அமெரிக்காவின் டாம்பா, கீ வெஸ்ட் சுருட்டு ஆலைகளில் ஒருவர் உயரமான மேடையில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். செய்தித்தாள் முடிந்தால் நாவல். கீழே கியூபத் தொழிலாளர்கள் கேட்டபடியே சுருட்டு சுற்றுவார்கள். வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் அவர்களே. ஸ்பெயினை எதிர்த்த விடுதலைப் போருக்காகக் கூலியில் ஒரு பங்கை எடுத்துவைத்தவர்களும் அவர்களே. நியூயார்க்கில் குடியிருந்த கியூப விடுதலைப் போராளி ஹொசே மார்த்தி, 1892-இல் கியூபப் புரட்சிக் கட்சியைத் தொடங்கியது இவர்களை நம்பித்தான். ஆக, கியூப தேசியத்தில் பாதி வெளிநாட்டில் வளர்ந்தது.

தீவுக்குள் பெரிய கேள்வி, நிறம். அங்கே அடிமை முறை ஒழிந்ததே 1886-இல்தான். 'கியூபா ஓர் அஹியாகோ' என்றார் அறிஞர் ஃபெர்னாந்தோ ஓர்த்திஸ், 1939-இல். கிழங்கும் இறைச்சியும் போட்டுக் கொதிக்கும் குழம்பு அது. பூர்வகுடி, ஸ்பானியர், ஆப்பிரிக்கர், சீனர் என்று புதிது புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். சமையல் முடிவதே இல்லை.

1959 புரட்சிக்குப் பிறகு அளவுகோல் மாறியது. புரட்சியோடு நிற்பவரே கியூபர். நாட்டைவிட்டுப் போனவர் 'புழு'. அப்படிப் போன பாடகி சீலியா குரூஸுக்கு, 1962-இல் தாயின் இறுதிச் சடங்குக்கு வரக்கூட அனுமதி கிடைக்கவில்லை. 1990-இல் தீவிலேயே உள்ள குவாந்தானாமோ அமெரிக்கத் தளத்தில் பாடப் போனவர் ஒரு பிடி மண்ணை எடுத்துவந்தார். 2003-இல் அந்த மண்ணோடுதான் அடக்கமானார். வெளியேறியவர்கள் குவிந்த மயாமியும் சளைத்ததல்ல. 1999-இல் ஹவானாவின் லோஸ் வான் வான் இசைக்குழு அங்கே பாடியபோது, அரங்க வாசலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள்.

இந்தக் கறாரைத் தளர்த்தியது பசி. கியூபாவைத் தாங்கிநின்ற சோவியத் ஒன்றியம் சரிந்தபின், 1993-இல் டாலர் வைத்திருப்பது குற்றமில்லை என்றானது. நேற்றைய 'புழு' அனுப்பும் பணத்தில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. நாட்டைவிட்டு வெளியேறத் தேவைப்பட்ட அனுமதிச் சீட்டும் 2013-இல் ஒழிந்தது.

2021-இல் தீவில் இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் சேர்ந்து பாடிய 'தாயகமும் வாழ்வும்' பாடல், புரட்சித் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவின் 'தாயகம் அல்லது மரணம்' முழக்கத்துக்கு நேர் பதில். ஜூலையில் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மக்கள் அதையே முழங்கினார்கள். பாடியவர்களில் ஒருவரான மைக்கேல் ஒசோர்போவுக்கு 9 ஆண்டு சிறைத்தண்டனை. அதன்பின் வெளியேற்றம் பெருகியது. 2021 இறுதியில் 1 கோடியே 11 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2023 இறுதியில் ஏறக்குறைய 1 கோடி என்கிறது அரசுக் கணக்கே.

போனவர்களில் பெரும்பாலோர், அமெரிக்கக் குடியுரிமையே பெற்றிருந்தாலும், ஊருக்கு வர கியூப பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். புதிய அரசமைப்பு வரைவுக்கு அவர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். ஆனால் அதன்மீதான 2019 வாக்கெடுப்பில் வாக்களிக்க விடவில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கியூபர், பணத்துக்குக் கியூபர், வாக்குக்கு மட்டும் அந்நியர் என்பது எத்தனை நாளைக்குச் செல்லும்?