இரண்டு நிமிட இடைவெளி

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் கேப் எபிக் என்னும் மலை மிதிவண்டிப் பந்தயம் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் நடைபெறுகிறது. எட்டு நாள்கள் நீடிக்கும் பந்தயம் அது. முதல் நாள் சிறியதோர் ஓட்டம். அடுத்த ஏழு நாள்கள் நெடும்பயணம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 600 முதல் 700 கிலோமீட்டர். ஏறவேண்டிய உயரங்களையெல்லாம் கூட்டினால் 15,000 மீட்டரையும் தாண்டிவிடும். எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் பொருள் விளங்கும். பாதையோ தார்ச்சாலை அன்று. சரளைக்கல்லும் மணலும் முட்புதரும் நிறைந்த ஒற்றையடித் தடங்கள். திராட்சைத் தோட்டங்களின் நடுவே சிறிது தூரம் இதமாகச் செல்லும். பிறகு வறண்ட குன்றின்மேல் ஏறிவிடும்.

இத்தகைய கடினப் பந்தயங்கள் உலகில் வேறு சிலவும் உண்டு. ஆயினும் நம் இதழின் வாசகர்களுக்கு இதனைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அதன் தொலைவோ உயரமோ அல்ல. அதன் விதி ஒன்றே.

இப்பந்தயத்தில் இருவர் இருவராகவே பெயர் பதிய வேண்டும். பாதை முழுவதும் அவ்விருவரும் சேர்ந்தே செல்ல வேண்டும். இடையிடையே உள்ள சோதனை இடங்களை ஒருவர் கடந்தபின் இரண்டு நிமிடங்களுக்குள் மற்றவரும் கடந்தாக வேண்டும். தவறினால் ஒரு மணி நேரம் தண்டமாகச் சேர்க்கப்படும். தவறு தொடர்ந்தால் அந்த இணையே நீக்கப்படும். அன்றைய நேரமும் இரண்டாமவர் எல்லைக் கோட்டைத் தொடும்போதுதான் கணக்கிடப்படுகிறது. ஒருவர் நோயாலோ காயத்தாலோ விலக நேர்ந்தால் மற்றவர் விரும்பினால் தொடர்ந்து ஓட்டலாம். ஆனால் இணையாக முடித்தோர் வரிசையில் அவர் பெயர் இடம்பெறாது.

கெவின் வெர்மாக் என்பவர் தொடங்கி 2004ஆம் ஆண்டு முதன்முறையாக நடைபெற்ற பந்தயம் இது. கோஸ்டாரிகாவில் இதுபோன்றதொரு நெடும்பந்தயத்தில் கலந்துகொண்டபின் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது. உலகப் புகழ் பெற்ற வீரர்களுடன், அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வரும் எளிய மனிதர்களும் அதே பாதையில் ஓட்டுகின்றனர். நாற்பது வயதைக் கடந்தோர்க்கும் ஐம்பதைக் கடந்தோர்க்கும் தனிப் பிரிவுகள் உண்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து ஓட்டும் பிரிவும் உண்டு.

இருவரில் ஒருவர் எப்போதும் சற்று வலியவராக இருப்பார். இன்று வலியவராக இருப்பவர் நான்காம் நாளில் வயிற்றுப்போக்கால் துவண்டு மெலியவராகிவிடவும் கூடும். வேகத்தைத் தீர்மானிப்பவர் அந்நேரத்தில் மெலிந்திருப்பவரே. இது கேட்பதற்கு எளிது. செய்வதற்கு மிகக் கடினம். தன் கால்களில் வலிமை மிச்சமிருக்க, பிறர் தம்மைக் கடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டே மெல்ல மிதிப்பது வலியவருக்கு ஒரு வேதனை. தன்னால் இவர் பின்தங்குகிறாரே என்ற குற்றவுணர்வு மெலியவருக்கு. பின்னதே பெரிய சுமை என்று நான் கருதுகிறேன். அந்த உணர்வை மறைப்பதற்காகவே தம் ஆற்றலுக்கு மீறி மிதித்து, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போகிறவர்கள் உண்டு.

பழகிய இணையர் இதற்குச் சில வழிகளைக் கைக்கொள்கின்றனர். சமதரையில் வலியவர் முன்னே சென்று எதிர்காற்றைத் தாங்குவார். அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு அதே வேகத்தில் செல்ல ஆகும் உழைப்பு வெகுவாகக் குறையும். ஏற்றத்தில் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் மிகவும் முன்னே போய் நின்று திரும்பிப் பார்ப்பது மட்டும் கூடாது. காத்திருப்பவர் ஓய்வெடுத்துக்கொள்கிறார், வந்து சேர்பவரோ ஓய்வின்றி அடுத்த ஏற்றத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

உடலைப் பொறுத்தவரை இங்கு நிகழ்வது நம் வாசகர்கள் பலர் அறிந்ததே. தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்து சில மணி நேரக் கடும் உழைப்பில் தீரத் தொடங்கும். அதனால்தான் ஓட்டுநர்கள் பசிக்காக காத்திராமல் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தை உட்கொள்ள முயல்கின்றனர். தவறினால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து கால்கள் கனக்கும், தலை கிறுகிறுக்கும், காரணமின்றிச் சினம் வரும். இதனை முதலில் உணர்பவர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் அல்லர், இணையரே. நெடுநேரமாகப் பேச்சில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார் என்றால், விவாதம் செய்யாமல் வாழைப்பழத்தையோ இனிப்பு நீரையோ கையில் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவரைக் கவனித்துக்கொள்ளும் எவருக்கும் இது புதிய செய்தி அன்று.

தண்ணீர் பற்றியும் ஒரு சொல். வெயிலில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை வெளியேறக்கூடும். அதற்கு அஞ்சி வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்தே. இரத்தத்தில் சோடியம் தாழ்ந்தால் தலைவலி, குழப்பம், சில வேளைகளில் வலிப்பு வரையிலும் போகலாம். (இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரும் உப்பும் அளவிட்டுக் கொடுக்கப்பட்டவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றுக; பந்தய வீரர்களின் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.) காய்ச்சலோடு மிதிப்பதும் அவ்வாறே. கிருமித் தொற்றின்போது கடும் உழைப்பு இதயத்தசையைப் பாதிக்கக்கூடும் என்பதால் அந்நிலையில் ஒரு நாளை இழப்பதே அறிவுடைமை.

இப்பந்தயத்தின் வரலாற்றில் என் நினைவில் நிற்கும் இணை ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சவுசரும் தென்னாப்பிரிக்காவின் பரி ஸ்டாண்டரும் சேர்ந்து 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றனர். வயதில் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் இளையவரான ஸ்டாண்டர், இப்பந்தயத்தின் ஆண்கள் பிரிவை வென்ற முதல் தென்னாப்பிரிக்கர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பெற்றார். 2013 ஜனவரி 3 அன்று, பயிற்சிக்காகச் சாலையில் சென்றுகொண்டிருந்தபோது வாகனம் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 25. அந்த மார்ச் மாதப் பந்தயத்துக்கு இரண்டரை மாதங்கள்கூட இல்லை.

சவுசர் விலகியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வந்தார். லண்டனில் தங்கம் வென்ற செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி அவருக்கு இணையாகச் சேர்ந்தார். அந்த ஆண்டும் சவுசர் வென்றார். மறைந்த நண்பரின் நினைவுக்கே அவ்வெற்றியைக் காணிக்கையாக்கினார். புதியதோர் இணையரின் மூச்சையும் மிதியையும் மனநிலையையும் அந்தச் சில வாரங்களில் அவர் எப்படிக் கற்றுக்கொண்டிருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து தேறிய காலத்தில், மாலைதோறும் அவரை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடக்க அழைத்துச் செல்வேன். அலுவலகத்திலிருந்து நேரே வருவேன். இரவுச் சமையல் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நாலடி முன்னால் போய் நின்று, "வாங்கப்பா, இன்னும் கொஞ்சம்தான்" என்று கையை நீட்டுவேன். ஊக்கமளிப்பதாகவே நினைத்திருந்தேன். ஒரு நாள் என்னை எட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவருடைய வலக்கால் தரையில் இழுபட்டுத் தடுமாறினார். சுவரோரக் கைப்பிடி இல்லாதிருந்தால் விழுந்திருப்பார். நான் பதறி ஓடிச்சென்று பிடித்தேன்.

மூச்சு வாங்க நின்றவர் சொன்னார்: "நீ முன்னாடி போய் நின்னுகிட்டு திரும்பித் திரும்பிப் பாக்காதேம்மா. எனக்கு உன்னைக் காக்க வைக்கிறேனேன்னு இருக்கு. பக்கத்துல வா."

அன்றிலிருந்து அவருடைய இடப்புறம் நடந்தேன். வலுவிழந்த வலப்புறத்தில்தான் துணை நிற்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் திருத்தியபின் அந்தப் பக்கம் மாறிக்கொண்டேன். தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முதலில் பதினோரு நிமிடங்கள் ஆயின. இரண்டு மாதங்களில் ஏழு நிமிடங்களாகக் குறைந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவரே. அதற்குள் நான் பார்ப்பதை விட்டிருந்தேன்.