ஏதிலார் செய்த பிதிர்க்கடன்

சுடுகாட்டைப் பாடிய தமிழ்ப் புலவர் பலர். அங்கு நின்ற மரங்களைத் தனித்தனியே பெயர் சொல்லிக் காட்டியவர் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையிலே புகார் நகரத்துச் சுடுகாடு வருமிடத்தில், இறந்தோர்க்கு எடுத்த செங்கற் கோட்டங்களைச் சொன்னதோடு அமையாது, வாகை நின்ற மன்றம், விளா நின்ற மன்றம், வன்னி நின்ற மன்றம், இலந்தை நின்ற மன்றம் என்று வகுத்துரைக்கின்றார். இக்காதையை யான் நெடுங்காலமாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். பேயும் நரியும் வரும் பகுதியை அவர்கள் விரும்பிக் கேட்பர். மரப்பெயர் வந்ததும், "வெள்ளில் என்பது விளா, இரத்தி என்பது இலந்தை" என்று பொருள் சொல்லிக் கடந்து செல்வதே என் வழக்கம். அம்மரங்களைப் பேணினார் யாவர் என்ற வினா எனக்கு ஒருநாளும் எழுந்ததில்லை.

அவ்வினாவை எழுப்பியது இங்கிலாந்திலுள்ள பிறிஸ்ரல் நகரம். மகளின் பிள்ளைப்பேற்றின் பொருட்டு மனைவியும் யானும் அங்கே சில மாதங்கள் தங்க நேர்ந்தது. குழந்தை பிறந்து வீடு ஒருவாறு அமைதியடைந்த ஐப்பசி மாதத்தில், "இராசா ராம்மோகன் ராயின் சமாதி இந்த ஊரிலேதான் இருக்கிறது அப்பா, போய்ப் பார்க்கவில்லையா?" என்றாள் மகள். உடன்கட்டை ஏறும் கொடுமைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் 1829இல் அதனைத் தடைசெய்யும் சட்டம் பிறக்கத் துணைநின்றவர் ராய். கணவரோடு மாய்ந்த பெண்டிர்க்கு எழுப்பிய கோட்டங்களும் சாத்தனார் காட்டும் சுடுகாட்டில் உண்டு. அப்பகுதியைப் படிப்பிக்கும்போதெல்லாம் ராயின் பெயரையும் சொல்லி வந்தவன் யான். ஆதலின் மறுநாட் காலையிலேயே புறப்பட்டேன்.

அச்சேமக்காலையின் பெயர் ஆர்னோஸ் வேல். வேல் என்றவுடன் நம் செவி முருகனை நினைக்கும். அங்கு அதற்குப் பள்ளத்தாக்கு என்பது பொருள். நகருக்குத் தென்கிழக்கே, பாத் வீதியோரத்தில், சரிவான நிலத்தில் 45 ஏக்கர் பரப்பிற் கிடக்கின்றது. நகரத்துக் கோயில் வளவுகளிற் புதைக்க இடமில்லாது போனமையால், 1837இல் பாராளுமன்றச் சட்டமொன்றின்படி கம்பனியொன்று அமைத்து இதனைத் தொடங்கினர். முதல் அடக்கம் 1839இல் நிகழ்ந்தது. வாயிலைக் கடந்ததும் கிரேக்கக் கோயில்போலத் தூண்கள் நிறுத்திய மண்டபமொன்று தோன்றும்.

ராய் 1833ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆம் நாள் இந்நகரிற் காலமானார். இறக்கும்போதும் அவர் மார்பிற் பூணூல் கிடந்தது என்பர். கிறித்தவர் நிலத்திலே கிறித்தவச் சடங்கோடு தம்மைப் புதைத்தலாகாது என்பது அவர் விருப்பம். எனவே அவர் தங்கியிருந்த மாளிகைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தனர். பத்து ஆண்டு கழித்து, 1843இல், இரவீந்திரரின் பாட்டனாராகிய துவாரகநாத தாகூர் முயன்று உடலை இங்கு மாற்றுவித்து, வங்கத்துச் சத்திரி அமைப்பில் நினைவு மண்டபமும் எழுப்பினார். அவரும் 1846இல் இலண்டனிற் காலமாகி அந்நகரத்துச் சேமக்காலை ஒன்றிலேயே அடக்கமானார். நண்பர்க்குக் கல் நாட்டியவர்க்கும் அயல்மண்ணே வாய்த்தது.

சத்திரியைப் பார்த்து வணங்கியபின் வந்த காரியம் முடிந்தது என்று திரும்ப எண்ணினேன். அப்பொழுது மேட்டுப்பக்கத்திற் கத்தரியின் ஓசை கேட்டது. பத்துப்பேர் வரையில் இருப்பர்; பெரும்பாலோர் முதியோர். தடித்த கையுறையும் சேற்றுச் சப்பாத்துமாகக் கல்லறைகளுக்கிடையே குனிந்து நின்றனர். கூலியாட்கள் என்றே முதலில் எண்ணினேன். நரைத்த தலையினராய அம்மையார் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "உதவ வந்தீர்களா?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை என்று பின்னர் அறிந்தேன். தொழிலால் ஒருவகை உறவுதானே! இல்லை என்று சொல்ல நா எழவில்லை.

கையுறை தந்தார். முன்னே நின்ற கல்லை ஐவி என்னும் படர்கொடி முழுதாக மூடியிருந்தது. நம் ஊரிற் குறிஞ்சாக் கொடியை வேலியிலிருந்து பிடுங்குவதுபோலப் பற்றி இழுக்கப் போனேன். அம்மையார் விரைந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இக்கொடியின் சிறுவேர்கள் கல்லின் வெடிப்பிலும் எழுத்தின் பள்ளத்திலும் புகுந்து பற்றியிருக்குமாம். உயிரோடு இழுத்தாற் கல்லின் முகமே பெயர்ந்து எழுத்தும் உடன்போகுமாம். அடியில் அறுத்துவிட்டுக் காத்திருத்தல் வேண்டும்; ஓராண்டோ ஈராண்டோ சென்று வேர் உலர்ந்தபின் மெல்ல எடுக்கலாம். "அதுவரை?" என்றேன். "அடுத்த கல்லுக்குப் போகலாம்," என்றார்.

இதுபோன்ற முறைகள் பல அங்கு உண்டு. கல்லைக் கழுவ நீரும் மென்மையான தூரிகையுமே போதும். அமிலமும் கம்பித் தூரிகையும் ஆகா. கல்லின்மேற் படர்ந்த கற்பாசி ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே வளர்வது; எழுத்தை மறைத்தாலன்றி அதனைத் தொடமாட்டார்கள். பறவைகள் கூடுகட்டும் வசந்தகாலத்திற் புதர் வெட்டார். மரப்பொந்தில் வெளவால் உறைந்தாற் சட்டமே அதனைக் காக்கின்றது.

மரங்களைப் பற்றிய கதை நீண்டது. இவ்விடம் தொடங்கிய காலத்திற் சேமக்காலையில் எவ்வகை மரம் நடலாம் என்பது அறிஞர் ஆராய்ந்த பொருளாக இருந்தது. லவுடன் என்னும் தோட்டக்கலை வல்லுநர் 1843இல் இதற்கென ஒரு நூலே எழுதினார். இலையுதிரா மரம், ஒடுங்கி நிமிர்ந்து வளர்வது, நிறம் கறுத்தது எனச் சைப்பிரசையும் யூவையும் போன்றவற்றை அவர் விதந்தார். இன்றோ மேட்டுப்பக்கம் பெருங்காடு. அதிற் பெரும்பகுதி மனிதர் நட்டதன்று. ஆஷ், சிக்கமோர் என்னும் இருமரங்களின் சிறகுடைய விதைகள் காற்றில் வந்து கல்லறை விளிம்பிற் புகுந்து முளைத்தவை. வெட்டுவாரின்மையால் மரமாகின, வேர் பருத்துக் கல்லைத் தூக்கின.

வெட்டுவாரின்மைக்கும் காரணம் உண்டு. புதிய அடக்கத்துக்கு வாங்கும் பணமே பழைய கல்லறைகளைப் பேணும் பணம். நிலம் நிரம்பியபின் வருவாய் எங்கிருந்து வரும்? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் காடு மண்டியது. 1987இல் உரிமையாளராயிருந்தவர் ஒருபகுதியில் வீடுகள் கட்ட எண்ணினார். ஊரார் திரண்டெழுந்தனர். தொண்ணூறுகளின் இறுதியில் வாயில் அடைபடும் என்ற நிலை வந்தபோது, அயலவரே முறைவைத்துக் கதவைத் திறந்து காத்தனர். 2003இல் நகரசபை கட்டாயக் கொள்வனவாக நிலத்தைப் பெற்றது. பின்னர் மரபுரிமை நிதியத்தின் 48 இலட்சம் பவுணும் கிடைக்கவே, இடிந்த மண்டபங்கள் எழுந்தன. ஆயினும் கொடியை அறுப்பவர் இந்த முதியோரே.

நம் நாட்டிற் சிரமதானம் என்று ஒன்று செய்கின்றோம். பெயர்ப்பலகை, பிரமுகர், தேநீர், படம். அடுத்த மழைக்குப் புல் மீண்டும் முழங்கால் அளவு நிற்கும். இவர்கள் வாரந்தோறும் வருகின்றனர். படம் எடுப்பார் எவரையும் யான் காணவில்லை.

"இங்கே உங்கள் உறவினர் யாரேனும் அடங்கியிருக்கின்றனரா?" என்று அம்மையாரைக் கேட்டேன். இல்லை என்றார். அவர் பிறந்தது வேறு மாகாணமாம். இறந்தார்க்குச் செய்யும் கடன் மைந்தனுக்குரியது என்று கற்றும் கற்பித்தும் வந்தவன் யான். இவரோ பெயரறியாதார் கல்லறைமுன் முழங்காலிட்டிருந்தார்.

"உங்கள் ஊரில் இவ்வேலையைச் செய்பவர் யார்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"நாங்கள் எரிக்கும் வழக்கத்தினர், கல் நாட்டுவதில்லை," என்றேன். பொய்யன்று, ஆனால் விடையுமன்று.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது. 1990இல் ஊரோடு பெயர்ந்தோம். என் தந்தையார் இடம்பெயர்ந்த நிலையிலே காலமாக, வேற்றூர்ச் சுடலையிலே எரித்தோம். அங்கு ஒரு பூவரசு நின்றது நினைவிருக்கின்றது. பின்பு அங்கு யான் சென்றதில்லை. 2015இல் எங்கள் பகுதி விடுவிக்கப்பட்டபோது ஊர்ச்சுடலையும் காடாகிக் கிடந்தது. பாட்டனார் காலத்து ஆலமரம் சுடலைமடத்துச் சுவரைப் பிளந்து உள்ளே இறங்கியிருந்தது. ஊர்க்கூட்டம் கூடியது. மரங்களை எல்லாம் வெட்டி நிலத்துக்குச் சீமெந்து இடுவோம் என்றனர். ஆலையாவது விடலாமே என்று ஒரு முதியவர் மெல்லச் சொன்னார். அவர்க்கு ஆதரவாக ஒருவரும் பேசவில்லை. மரம் பாடிய காதையைப் படிப்பிக்கும் பண்டிதனாகிய யானும் பேசவில்லை. மனுவிற் கையொப்பமும் இட்டேன். இன்று அங்கே நண்பகலில் எரிப்போர் நிற்க நிழலில்லை.

இதனை அம்மையாரிடம் சொன்னேனல்லேன். ஊர் திரும்பும்வரை வாரந்தோறும் சென்று கொடியறுத்தேன். எங்கள் பகுதியின் மேலே ஒரு பெரிய ஆஷ் மரம் நின்றது. 2012இற் பிரித்தானியாவிற் கண்டறியப்பட்ட பூஞ்சண நோயொன்று அவ்வின மரங்களை உச்சியிலிருந்து வாட்டி வருகின்றது. கிளை நொய்தாகி வழிச்செல்வோர்மேல் விழும். அம்மரத்திலும் நோய் கண்டிருந்தது. அதனை விடுவதா வெட்டுவதா என்று அம்முதியோர் ஒருநாள் முழுவதும் ஆராய்ந்ததைக் கண்டேன். அடியிற் கிடந்த கல்லை வேர் இறுகப் பற்றியிருந்தமையால், அதன் எழுத்தை ஒருவரும் வாசித்ததில்லை.

சென்ற மாசியில் மகள் தொலைபேசியிற் சொன்னாள். மரத்தை வெட்டிவிட்டனராம். வெட்டும்போது அம்மையார் கண்கலங்கி நின்றாராம். வேரைச் சிறிது சிறிதாக அறுத்துக் கல்லை எடுத்து நீரூற்றிக் கழுவியபோது பெயர் தெரிந்ததாம். மூன்று வயதுப் பெண்குழந்தை. என் பேர்த்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மகளும் போய்ப் பார்த்து வந்தாளாம்.