மலையிலிருந்து ஆற்றுக்கு – 9: செம்மண் முடியும் இடம்

பச்சைமலையில் இறங்கியபோது நிலத்தின் சரிவை முழங்கால் சொன்னது. பெரம்பலூரைத் தாண்டிக் கிழக்கே வரவர அந்தச் சரிவு காலுக்கும் எட்டாமல் போயிற்று. ஜெயங்கொண்டத்திலிருந்து தெற்கே தா.பழூர் வழியாகக் கொள்ளிடத்துக்குப் போகும் இன்றைய நடையில் ஏற்றம், இறக்கம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனாலும் நிலம் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. மண்ணின் நிறத்தையும் பயிரையும் பார்த்து நடந்தால் அது தெரியும்.

விடியலில் கிளம்பினேன். இருபுறமும் முந்திரிக் கொல்லைகள். தை மாதம் என்பதால் கிளை நுனிகளில் பூ விட்டிருந்தது. இது செம்மண் மேடு. பெய்த மழை நிற்காது. ஆழ்துளைக் கிணறு போட்டவர் கரும்பு வைத்திருக்கிறார், போடாதவர் முந்திரியோ தைலமரமோ வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார்.

ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் இந்த மண்ணுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதை வெட்டி மின்சாரம் எடுக்கலாம் என்று 1990களில் பல கிராமங்களில் நிலம் கையகப்படுத்தினார்கள். சுரங்கம் வரவே இல்லை. கூடுதல் இழப்பீடு கேட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. நிலம் திரும்பிவிடும். கிணறு வெட்டவும் வீடு கட்டவும் துணியாமல் ஒரு தலைமுறை கழித்த காலத்துக்கு யார் ஈடு தருவது?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நிறுத்தி விசாரித்தார். "என்ன தம்பி, வண்டி கெட்டுப்போச்சா?"

"இல்ல ஆயா, கொள்ளிடம் வரைக்கும் நடந்தே போறேன்."

"வேண்டுதலா?"

அவர் கேட்டதில் வியப்பில்லை. நெடுந்தூரம் நடப்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானதுதான். சித்திரையில் அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஊர்களிலிருந்து மஞ்சள் உடுத்திச் சமயபுரத்துக்குக் கூட்டம் கூட்டமாக நடந்தே போகிறார்கள். வழி நெடுக மோரும் சோறும் கொடுக்க ஆள் இருக்கும். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் ஆவணியில் வருவார்கள். மலையேற்றம், நெடுநடை என்று நகரத்துக்காரர்கள் இன்று புதிதாகப் பேசுவதை இவர்கள் பல தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். ஊர் பார்க்கத்தான் நடக்கிறேன் என்று சொன்னேன். "பாத்துப் போ, வெயில் ஏறுது" என்றார்.

தா.பழூரில் இட்லியும் டீயும் முடித்துக்கொண்டு பொன்னாறு வாய்க்கால் கரையைப் பிடித்தேன். கொள்ளிடத்தில் பிரிந்து வரும் வாய்க்கால் இது. இங்கேதான் நிறம் மாறுகிறது. சிவப்பு மங்கி, வண்டல் கலந்த கருமை ஏறுகிறது. முந்திரி காணாமல் போய் நெல் வருகிறது. சம்பா அறுவடை நேரம். அறுவடை இயந்திரம் வயலுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, மூட்டை பிடிக்கும் முறைக்காகக் காத்துக் கிடந்தார்கள். காலையில் பார்த்த கொல்லைக்காரருக்கு மழை வரவில்லையே என்ற கவலை. இவர்களுக்கு இப்போது மழை வந்துவிடக் கூடாதே என்ற கவலை. இரண்டுக்கும் நடுவே அரைநாள் நடைதான்.

வாய்க்கால் கரையில் பாதி தூரம் நல்ல பாதை. மீதியைச் சீமைக்கருவேல் மூடிவிட்டது. கிராம வரைபடங்களில் வண்டிப்பாதையும் நடைபாதையும் இன்றும் கோடாக இருக்கின்றன. தரையில்தான் பல இடங்களில் அவற்றைக் காணோம். இங்கிலாந்தில் தனியார் வயலுக்குள் போகும் பழைய ஒற்றையடிப் பாதையைக்கூட உரிமையாளர் மறிக்க முடியாது. நடப்பவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. நமக்கும் அப்படி ஒரு காவல் வேண்டும். வாய்க்கால் கரை திறந்திருந்தால் நடப்பவர்களுக்கு மட்டுமா நல்லது? தூர்வாரும் இயந்திரம் போகவும் அதே கரைதான் வேண்டும்.

பிற்பகலில் மதனத்தூர். அகன்ற மணற்பரப்பின் நடுவே ஒதுங்கி ஓடியது கொள்ளிடம். எதிர்க்கரையில் நீலத்தநல்லூர், பாலம் ஏறினால் கும்பகோணம் போகலாம். இந்த அமைதியை நம்பிவிடக் கூடாது. காவிரியின் வெள்ள வடிகால் இது. 2018 ஆகஸ்டில் பெருகி வந்த வெள்ளம் முக்கொம்பில் மேலணையின் 9 மதகுகளை உடைத்துக்கொண்டு போனது.

வடகரையில்தான் கோடாலிகருப்பூர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகச் சேலை செய்த ஊர். பருத்தியில் ஜரிகை சேர்த்து நெய்து, நிறம் ஏறக் கூடாத இடத்தை மெழுகால் மறைத்து, தூரிகையாலும் அச்சாலும் சாயம் ஏற்றுவார்கள். நெசவாளர், ஓவியர், சாயக்காரர் என்று பல கை பட்ட துணி. சாயத்துணியை அலச ஓடும் தண்ணீர் வேண்டும். ஆறு பக்கத்திலேயே இருந்தது. 1855இல் தஞ்சை அரசு முடிந்தபின் வாங்க ஆளில்லாமல் அந்தத் தொழில் நலிந்து நின்றுபோனது. பழைய சேலைகளை இன்று அருங்காட்சியகங்களில்தான் பார்க்கலாம். கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல செய்திதான். குறியீட்டோடு நிற்காமல், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஒரு கூடமும் வேண்டும். சேலை பிறந்த ஊரிலேயே அதில் ஒன்றைப் பார்க்கவும் வழி செய்ய வேண்டும்.

அடுத்த வாரம் கரையோரமாகவே அணைக்கரைக்கு நடப்போம். ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை அங்கே இருக்கிறது. வீராணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வடவாறு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

(தொடரும்)