தனிநிலை

ஒப்பற்றது, அரியது, புதியது என்னும் மூன்றனையும் நாம் பேச்சில் ஒன்றாகவே வழங்கிவருகின்றோம். எளிதிற் கிடையாதது அரியது; முன்னர்க் காணாதது புதியது; தனக்கு இனமென்று பிறிதொன்று இல்லாததே ஒப்பற்றது. இதற்கு எடுத்துக்காட்டு நம் நெடுங்கணக்கிலேயே உளது.

ழகரமே அது என அன்பர்கள் விடையிறுத்தல் கூடும். ழகரம் இனியதே. ஆயினும் அதற்கு இடையினத்தில் உடன்பிறந்தார் ஐவர் உளர். மலையாளத்தார் இன்றும் அதனை எழுதுகின்றனர். பழங்கன்னடத்திலும் அது வழங்கிற்று. யாம் கருதியது ஆய்தம். 12 உயிரோடும் சேராது, 18 மெய்யோடும் சேராது நிற்றலின் அதற்குத் தனிநிலை என்றும் ஒரு பெயருண்டு.

பள்ளிப் பருவத்தில் வகுப்பின் மூலையில் ஒதுங்கியிருந்த எமக்கு உடன்பயின்றார் 'அக்கன்னா' என்று பட்டஞ் சூட்டினர். அதுகேட்டு உண்ணாது அழுத நாள்களும் உண்டு. ஆதலின் இவ்வெழுத்தின் வரலாற்றைச் சற்று ஆவலோடே கற்றோம்.

கற்றபொழுது வியப்பே விளைந்தது. தனிநிலை எனப் பெயர்பெற்ற இவ்வெழுத்துத் தமிழ்ச் சொல் எதனிலும் தனித்து நிற்றலில்லை! தொல்காப்பியர் இதனைச் சார்ந்துவரும் மூன்றெழுத்துகளுள் ஒன்றாக வைத்தார். முன்னே ஒரு குற்றெழுத்து வேண்டும். பின்னே உயிரேறிய வல்லெழுத்து வேண்டும். எஃகு, அஃது, காற்பலத்தைக் குறிக்கும் கஃசு, குறளின் 18ஆம் அதிகாரப் பெயராகிய வெஃகாமை ஆகிய அனைத்தும் இவ்வாறே அமைந்தன. மாத்திரையோ அரை. எனினும் எஃகினின்று அதனை நீக்கிவிடின் 'எகு' என்னும் பொருளற்ற ஒலியே எஞ்சும். இன்னும், அல் என்பதும் திணை என்பதும் புணருமிடத்தில் லகரம் ஆய்தமாகி அஃறிணை பிறக்கின்றது. இரு சொற்கள் கூடாவிடின் ஈண்டு ஆய்தமே இல்லை.

இதனை 'ஆயுத எழுத்து' என்பார் பலர். வாளும் வேலும் இதற்கு எற்றுக்கு? ஆய்தல் என்பதற்கு நுணுகுதல் என்னும் பொருளுண்மை தொல்காப்பிய உரியியலிற் காண்க. இக்காலத்தார் ஃபாரன்ஹீட் முதலிய பிறமொழிப் பெயர்களில் இதனைச் சொன்முதலில் நிறுத்துகின்றனர். இலக்கணம் இசையாது, எனினும் அங்கும் அது பகரத்தை ஒட்டியே நிற்கின்றது.

அன்று பட்டஞ் சூட்டினாருள் ஒருவர் இன்று விடுதியில் எம் அறைத்தோழர். இவ்விதியை அவர்க்கு விளக்கினோம். "ஒரு பக்கத்துக்கு நான் இருக்கிறேன், மறுபக்கத்துக்கு நீயே ஆள் பார்த்துக்கொள்" என்று கூறித் தம் பாயை எம் பாய்க்கு அருகே இழுத்துப் போட்டார்.