அருவிக்கு அடியில் என்ன இருக்கிறது?

2022 டிசம்பர் கடைசியில் பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்த நான்கு வயதுச் சிறுமியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. வழிந்தோடும் தண்ணீரோடு கீழே பாறைப் பள்ளத்தில் போய் விழுந்தாள். கூட்டம் மேலே நின்று கத்திக்கொண்டிருக்க, தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்திருந்த கார் ஓட்டுநர் ஒருவர் பாறைகளைப் பிடித்து இறங்கிப் போய்த் தூக்கிவந்தார். பிள்ளை பிழைத்தது. சாமி புண்ணியம் என்று ஊர் சொல்லும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விழுந்த இடத்துக்கும், இறங்கிப் போன ஆளுக்கும் அதில் பங்குண்டு.

இப்படி விழுந்து பிழைத்த உலகறிந்த சம்பவம் நயாகராவில் நடந்தது. 1960 ஜூலை 9. படகு கவிழ்ந்து, ஏழு வயது ரோஜர் உட்வர்ட் லைஃப் ஜாக்கெட் மட்டும் அணிந்தபடி ஐம்பது மீட்டருக்கு மேல் உயரமுள்ள குதிரைலாட அருவியிலிருந்து விழுந்தான். கீழே சுற்றுலாப் படகிலிருந்தவர்கள் மிதவை வளையத்தை வீசி அவனை இழுத்தெடுத்தார்கள். தலையில் லேசான அதிர்ச்சி, சில சிராய்ப்புகள், அவ்வளவுதான். அவனுடைய அக்காவை விளிம்புக்குச் சில மீட்டர் முன்னால் ஒருவர் கை நீட்டிப் பிடித்துவிட்டார். படகை ஓட்டியவர் இறந்துபோனார்.

ஐம்பது மீட்டர் விழ மூன்று விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அடியைத் தொடும்போது வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அந்த வேகத்தை எவ்வளவு தூரத்தில் இழக்கிறோம் என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. ஆழமான மடு என்றால் சில மீட்டர் கிடைக்கும். பாறை என்றால் சில சென்டிமீட்டர்தான். மடுவில் பொங்கும் நுரை பாதி காற்று. அடியின் வேகம் அதில் குறையும். ஆனால் அதே நுரையில் உடம்பு சரியாக மிதக்காது, சுழலும் உள்ளே இழுக்கும். உட்வர்டை மேலே கொண்டுவந்ததில் ஜாக்கெட்டுக்குப் பெரிய பங்குண்டு.

குற்றாலத்துப் பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர். மேலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் 19 மீட்டர் ஆழமுள்ள பொங்குமாங்கடல் என்ற மடுவில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் நின்று குளிக்க முடிகிறது. ஆனால் நாம் நிற்கும் தளத்தில் மடு கிடையாது. கல்லும் சிமென்ட்டும்தான். மேலிருந்து யாராவது விழுந்தால் தாங்கிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை.

குளிப்பவரை இழுத்துப்போவது பெரும்பாலும் உயரமல்ல, காட்டாற்று வெள்ளம். திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காட்டில் வெயில் காயும். அதே நேரம் மலைமேல் மழை கொட்டிக்கொண்டிருக்கும். செங்குத்தான மலை என்பதால் அந்தத் தண்ணீர் நிமிடங்களில் அடிவாரத்துக்கு வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித்தான் வெள்ளம் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவனைப் பறிகொடுத்தோம். முழங்காலளவுத் தண்ணீர்தானே என்று நிற்கக் கூடாது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடும் முழங்கால் தண்ணீர், பெரியவர் ஒருவரை நாற்பது கிலோ எடைக்குச் சமமான விசையில் தள்ளும். கீழே பாசி வேறு. தண்ணீர் செம்மண் நிறமானால், சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தால், அருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால், போலீஸ் விசிலுக்குக் காத்திராமல் வெளியே வந்துவிடுங்கள்.

இழுத்துப் போனவரைக் கரைசேர்த்த பிறகு நம் ஊரில் முதலில் நடப்பது, வயிற்றை அமுக்குவது. குழந்தையானால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது. இரண்டுமே தவறு. வயிற்றிலிருப்பது வெளியேறி மூச்சுக்குழாயை அடைக்கும், மூச்சு கொடுக்க வேண்டிய நேரமும் வீணாகும். நீரில் மூழ்கியவருக்குக் குறைவது ஆக்சிஜன். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவேண்டும், பிறகு மார்பை அழுத்தவேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். உயரத்திலிருந்து விழுந்தவரானால் கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் தூக்குவது முக்கியம். தண்ணீர் உள்ளே போன பிள்ளை எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம்.