வளைகாப்புக்கு வந்தால் ரத்தப் பரிசோதனை: நைஜீரிய சர்ச்சுகளின் ஐடியா வேலை செய்தது ஏன்?

ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது. கர்ப்பிணிகளைக் கணவரோடு முன்னால் வரச் சொல்கிறார் போதகர். சபையே சேர்ந்து அவர்களுக்காக ஜெபிக்கிறது. இதுவரை எல்லா ஊர் சர்ச்சிலும் நடக்கக்கூடியதுதான். ஜெபம் முடிந்ததும் சபையைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர் அந்தத் தம்பதிகளிடம் வந்து பேசுகிறார். விருப்பம் உள்ளவர்களின் விவரங்களைக் குறித்துக்கொண்டு, சர்ச்சில் நடக்கப்போகும் 'பேபி ஷவர்' விழாவுக்கு அழைக்கிறார். விஷயம் ஆரம்பிப்பது இங்கேதான்.

தென்கிழக்கு நைஜீரியாவில் உள்ள எனுகு மாநிலத்தில் 2013-ல் 40 சர்ச்சுகளில் தொடங்கிய திட்டம் இது. பெயர் 'ஹெல்தி பிகினிங் இனிஷியேட்டிவ்'. இதை வழிநடத்தியவர் எச்செசோனா எசியனோலூ. நைஜீரியாவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தக் குழந்தை மருத்துவர் அப்போது அமெரிக்காவின் நெவாடாவில் பணியாற்றிவந்தார்.

அப்படி என்ன அவசரம்?

தாய்க்கு எச்.ஐ.வி இருந்து, சிகிச்சையே எடுக்கவில்லை என்றால், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் அது தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முறையாக மாத்திரை எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதாவது மருந்து இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால், தனக்குத் தொற்று இருப்பதே தெரியாத ஒரு பெண் எந்த மாத்திரையைக் கேட்டு வாங்குவார்?

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வரும்போது டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். வந்தால்தானே! 2013 தேசிய சுகாதார ஆய்வின்படி, நைஜீரியாவில் 36 சதவீதப் பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நடந்தன. ஆஸ்பத்திரி இல்லாத ஊரிலும் ஒரு சர்ச் இருக்கும். எனுகு இக்போ மக்கள் வாழும் பகுதி. பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள். உடம்புக்கு முடியாமல் போனால்தான் டாக்டரைப் பார்ப்பார்கள், சர்ச்சுக்கோ வாராவாரம் போவார்கள்.

விழாவில் என்ன நடந்தது?

நம்ம ஊர் வளைகாப்பு மாதிரியே கொண்டாட்டம்தான். கூடவே கர்ப்பகால ஆரோக்கியம் பற்றிய பேச்சு, பிறகு ரத்தப் பரிசோதனை. பிரசவத்துக்குத் தேவையான சுத்தமான பொருட்கள் அடங்கிய ஒரு பையும் உண்டு. அதன் பெயர் 'மாமா பேக்'.

இதில் கெட்டிக்காரத்தனமான விஷயம் ஒன்று உண்டு. அங்கே எச்.ஐ.வி டெஸ்ட் தனியாக எடுக்கப்படவில்லை. ஹீமோகுளோபின், ஹெபடைட்டிஸ் பி, சிக்கிள் செல் போன்ற பல சோதனைகளில் அதுவும் ஒன்று. எச்.ஐ.வி முகாம் என்று போர்டு வைத்தால், அந்த வரிசையில் நிற்பவரை ஊரே திரும்பிப் பார்க்கும். குழந்தை நல்லபடியாகப் பிறக்க எல்லா அம்மாக்களும் எடுக்கும் டெஸ்ட் என்றால் யாரும் யாரையும் பார்க்கப்போவதில்லை. சிக்கிள் செல்லைச் சேர்த்ததும் சும்மா இல்லை. நைஜீரியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்த மரபணுவைச் சுமப்பவர். நம்ம ஊரில் ஜாதகம் கேட்பதுபோல, கல்யாணப் பேச்சில் 'உன் ஜீனோடைப் என்ன?' என்று அங்கே சகஜமாகக் கேட்பார்கள். ஏற்கெனவே பழகிய டெஸ்ட்டோடு பயமுறுத்தும் டெஸ்ட்டும் சேர்ந்து வந்தது.

கணவர்களையும் அழைத்தது இன்னொரு நல்ல முடிவு. தாய்க்கு மட்டும் சோதனை என்றால், முடிவு எதுவானாலும் பழி அவர் தலையில்தான் விழும்.

ரிசல்ட் என்ன?

20 சர்ச்சுகளில் இந்த முழுத் திட்டமும் நடந்தது. மீதி 20 சர்ச்சுகளில் வழக்கமான முறைதான்: ஆலோசனை சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுத்துக்கோங்க என்று அனுப்பிவைப்பது. மொத்தம் 3,002 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். வழக்கமான முறையில் 55 சதவீதம் பேர் எச்.ஐ.வி பரிசோதனை செய்துகொண்டார்கள். விழா நடந்த சர்ச்சுகளில் 92 சதவீதம்! 2015-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் இந்த முடிவுகள் வெளியாகின. புது மருந்தோ புதுக் கருவியோ எதுவும் இல்லை. டெஸ்ட் நடக்கும் இடத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

எல்லாமே நல்லதுதானா?

இல்லை. அதே நைஜீரியாவில், எச்.ஐ.வி டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்டினால்தான் திருமணம் செய்துவைப்போம் என்று சொல்லும் சர்ச்சுகளும் இருந்திருக்கின்றன. அங்கே டெஸ்ட் அக்கறையாக இல்லை, நிபந்தனையாக இருந்தது. ஜெபித்தால் குணமாகிவிடும், மாத்திரை வேண்டாம் என்று சொன்ன போதகர்களும் உண்டு. மக்கள் நம்புகிறார்கள் என்பதுதான் இந்தத் திட்டத்தின் பலம். அந்த நம்பிக்கை தப்பானவர் கையில் சிக்கினால் உயிரே போகலாம். முன்னால் வந்து நிற்கத் தயங்கும் திருமணமாகாத கர்ப்பிணிக்கும், சர்ச்சுக்கே போகாத பெண்ணுக்கும் இந்த வழியில் எதுவும் கிடைக்காது. ஊரே கூடும் இடத்தில் ரகசியம் காப்பதும் லேசான வேலையில்லை. ஆஸ்பத்திரிக்கு மாற்றாக இதைப் பார்ப்பவர்கள் இதையெல்லாம் யோசிப்பது நல்லது.

இன்னொரு பிரச்சினை, எவ்வளவு நாள் தாங்கும் என்பது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் செல்லும் 32 சர்ச்சுகளில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 373 பேரிடம் 'ஃபெய்த்' என்ற ஆய்வு நடந்தது. சபை உறுப்பினர்களே பயிற்சி பெற்று வாராவாரம் வகுப்பு எடுத்தார்கள், பிறகு தனித்தனியாகவும் பேசினார்கள். 6 மாதத்தில் இவர்களுடைய மேல் பி.பி. அளவு சராசரியாக 16.5 குறைந்தது. பொதுவான சுகாதார வகுப்பு மட்டும் கேட்டவர்களுக்கு 10.7 குறைந்தது. வித்தியாசம் கிட்டத்தட்ட 6 புள்ளி. ஆனால் 9-வது மாதத்தில், அந்த வித்தியாசத்தைப் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு ஞாயிறு மெடிக்கல் கேம்ப் போட்டு, போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எனுகுவில் இதற்காகவே இன்னொரு விழா வைத்திருந்தார்கள்: 'பேபி ரிசப்ஷன்'. குழந்தை பிறந்து சில வாரங்கள் கழித்து, தாயும் குழந்தையும் அதே சர்ச்சுக்கு வருவார்கள். எச்.ஐ.வி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு முதல் பரிசோதனை எடுக்க வேண்டிய காலமும் ஏறக்குறைய அதுதான். சபை வாழ்த்துச் சொல்லும். பிரசவம் எங்கே நடந்தது, அம்மா மாத்திரை எடுக்கிறாரா, குழந்தைக்கு டெஸ்ட் ஆச்சா என்பதையெல்லாம் விசாரிக்க அதைவிடத் தோதான நாள் கிடைக்காது.